‘சாப்பாடு’ என்று பெயர் வைத்த மடிப்பு

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஸ்டோர் பார்ப்பது என் வேலை. பேஸ்மென்ட்டில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க இரும்பு ரேக். ரேக்கில் பிளாஸ்டிக் டப்பாக்கள். வாஷர், நட்டு, போல்ட், குழாய்க்குச் சுற்றும் டேப், ஸ்விட்ச், ஹோல்டர். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். எல்லாம் என் கையெழுத்து. பதினாறு வருஷமாக எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பத்தாவதோடு நின்ற ஆளுக்கு எழுத்து பரவாயில்லை என்று வந்த மேனேஜர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர்கள் மாறுவார்கள். டப்பாக்கள் அப்படியே இருக்கும்.

வீடு ஜோகுபாளையத்தில். நடந்தே வேலைக்குப் போய்விடலாம். இருபது நிமிஷம் ஆகும். இப்போது கொஞ்சம் கூடுதலாக ஆகிறது.

என் மனைவிக்கு நோய் வந்து மூன்று வருஷம் நாங்கள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம். விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, பைல் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாசல் என்று தெரியாமல் நிற்பார்கள். போர்டு கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு என்னிடம் வருவார்கள். எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் தெரிந்ததும் மறந்துவிடும். நான் தடுமாறுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, அந்த நிலையிலும், அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புவாள்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: “வாயால சொல்றதுக்குத்தானே கூச்சம். எழுதி வை. படிச்சுக்கட்டும்.”

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த வலைப்பூ. போனிலேயே தமிழில் தட்டித் தட்டி எழுதினேன். எந்த வாசல், எந்தக் கவுண்டர், வரிசை எத்தனை மணிக்கு, எந்தக் காகிதத்தை எத்தனை ஜெராக்ஸ் எடுக்கவேண்டும், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினால் எந்த பஸ், எங்கே தங்கலாம். தனியாகப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன். அதனால் கவுண்டரும் இருக்கும், அன்றைக்கு மழை வந்ததும் இருக்கும், அவளுக்கு வாந்தி வந்ததும் இருக்கும், நாங்கள் எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்ததும் இருக்கும்.

அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போவேன். வெளியே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொள்வேன். கவுண்டர் மாறியிருந்தால், நேரம் மாறியிருந்தால், அதைப் பக்கத்தில் சேர்ப்பேன். வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவள் இறந்துபோனதையும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று ஒன்றுமில்லை. சிகிச்சைக்கு வருகிறவர்கள் படிக்கிற பக்கம். அதில் போய் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பக்கத்தின் அடியில் என் போன் நம்பர் இருந்தது. அதுவும் அவள் போடச் சொன்னதுதான். கூப்பிடுவார்கள். போனில் முகம் தெரியாது என்பதால் என்னால் ஓரளவு பேச முடியும்.

போன வருஷம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டே பேசினார். பின்னால் ஒலிபெருக்கியில் நம்பர் படிக்கிற சத்தம் கேட்டது.

“தம்பி, நீ எழுதினதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். கீழே போய்க்கிட்டே இருக்குப்பா. விரல் நோவுது. ஜெராக்ஸ் எத்தனைன்னு எங்க போட்டிருக்க?”

“பாதிக்கு மேல வரும் ஐயா. டீக்கடைக்கு அப்புறம்.”

“டீக்கடை தாண்டிட்டேன். மழை பெய்யுது.”

“மழைக்கு அப்புறம்.”

“நீ நல்லாத்தான் எழுதற. ஆனா இங்க என் நம்பர் வந்துடும் போல இருக்கே.”

“மூணு ஐயா. மூணு ஜெராக்ஸ்” என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அன்றைக்கு முழுதும் அதுவே மனசில் ஓடியது. சில இணையப் பக்கங்களில் கேள்வி மட்டும் வரிசையாகத் தெரியும், தொட்டால் பதில் விரியும், மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். அதைப் போல் செய்துவிட்டால் பெரியவர் ‘ஜெராக்ஸ்’ என்ற தலைப்பை மட்டும் தொட்டிருப்பார். மழையில் நனைந்திருக்க மாட்டார்.

ஆனால் எப்படிச் செய்வது என்று யாரைக் கேட்பது. குடியிருப்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் நிறைய. ஆறாவது மாடியில் சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் குழாய் வாஷர் கேட்டு வந்தபோது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். வாஷரைக் கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், அவர் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகியது. அப்போதுதான் கேட்டேன்.

“அவ்வளவுதானாண்ணா?” என்று சொல்லி, சாமான் கேட்டு எழுதும் இன்டென்ட் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதினார். ஒன்று டீட்டெயில்ஸ், இன்னொன்று சம்மரி. இரண்டு பக்கமும் அம்பு முனை மாதிரிக் குறி. “முதல் வார்த்தையில ஆரம்பிச்சு அதே வார்த்தையில மூடணும். ரெண்டாவதுக்குள்ள தலைப்பு. தலைப்பு மட்டும்தான் வெளியே தெரியும். மத்ததெல்லாம் உள்ளே போயிடும். மூட மட்டும் மறந்துடாதீங்க.”

மறந்தேன். முதல் தடவை செய்தபோது கடைசிக் குறியைப் போடாமல் விட்டுவிட்டேன். ‘பஸ்’ என்ற தலைப்புக்குக் கீழே ஆஸ்பத்திரி முழுவதும் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் ‘பஸ்’ என்ற ஒரு சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமும் மட்டும் நின்றன. வியர்த்துவிட்டது. மூன்று வருஷத்தை அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் எல்லாம் உள்ளே இருந்தது.

அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் தினம் கொஞ்சமாகச் செய்தேன். சோற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஸ்டோரில் உட்கார்ந்து போனில் குறிகளைத் தட்டுவேன். அந்த அம்பு முனைக் குறி போனில் மூன்றாவது எழுத்துப்பலகையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை மாற்ற வேண்டும். கட்டைவிரல் வீங்கிவிட்டது. நாற்பது பதிவுகளுக்கு மேல் இருந்தன. கதையாக எழுதியதையெல்லாம் உடைத்து, ஒரே மாதிரி விஷயங்களை ஒன்றாகச் சேர்த்தேன். டப்பா அடுக்குவது மாதிரிதான். ரப்பர் சாமான் எல்லாம் ஒரு டப்பா, பித்தளை எல்லாம் ஒரு டப்பா. பஸ், ஜெராக்ஸ், கவுண்டர், தங்குமிடம், ஸ்கேன், மருந்துக் கடை, சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். மிச்சம் இருந்தது மழையும் வாந்தியும் டீயும் அவள் பேசியதும். அதை எந்த டப்பாவிலும் போட முடியவில்லை. கடைசியில் ஒவ்வொரு பதிவிலும் ‘எங்கள் கதை’ என்று பெயர் வைத்து அதையும் மூடினேன். யாருக்கும் உதவாது, விரல் நோகாமல் இருக்கட்டும்.

முடித்தபோது பக்கம் சுத்தமாக இருந்தது. போனைத் தள்ளவே வேண்டாம், ஒரே பார்வையில் முழுவதும் தெரிந்தது. கொஞ்ச நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அந்தத் தளம் காட்டும். எந்தத் தலைப்பின் மடிப்பை யார் திறந்தார்கள் என்று காட்டாது. அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். எல்லாம் கிடைத்துவிடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தை மாற்றி இரண்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டோரைத் திறந்து விளக்கைப் போடும்போது போன் வந்தது. ஒரு பெண்.

“அண்ணா, நாங்க வாணியம்பாடியில இருந்து வந்திருக்கோம். உங்க பக்கத்தைப் பார்த்துத்தாண்ணா வந்தோம். இங்க ஸ்கேன் எடுக்க மாட்டேங்கறாங்க.”

“என்ன சொல்றாங்க?”

“இவரு சாப்பிட்டுட்டாருன்னு. ஆறு மணி நேரம் வயிறு காலியா இருக்கணுமாம். நீங்க அதைப் போடவே இல்லையேண்ணா.”

“போட்டிருக்கேனேம்மா.”

“எங்கண்ணா? ஸ்கேன்னு இருக்கறதைத் திறந்து ரெண்டு தடவை படிச்சேன். எந்த மாடி, எந்த ரூம், மோதிரம், சங்கிலி போடக்கூடாது, எல்லாம் இருக்கு. அது இல்ல.”

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ரப்பர் எல்லாம் ஒரு டப்பா. சாப்பாடு சம்பந்தப்பட்டது எல்லாம் ஒரு டப்பா. எந்த மெஸ்ஸில் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், எங்கே தயிர்சாதம், கான்டீன் எத்தனை மணிக்கு மூடும், ஸ்கேனுக்கு முன்னால் ஆறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது.

“சாப்பாடுன்னு இருக்குமேம்மா, அதுல” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நாங்க வீட்டுல இருந்து இட்லி கட்டிக்கிட்டு வந்தோம்ணா” என்றாள். “அதை எதுக்குத் திறக்கப் போறேன்.”

ரயில் குப்பம் ஸ்டேஷன் தாண்டியதும், ஐந்தரை மணிக்கு, அவர் சாப்பிட்டிருக்கிறார். எட்டரைக்கு ஸ்கேன். அதைக் கேட்டவுடன் கவுண்டரில் வேறு தேதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் கையில் இல்லாமல் ஆபரேஷன் இல்லை. அது தள்ளிப்போனால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எல்லாம் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள், இங்கிலீஷில். தமிழில் என் பக்கம் இருக்கிறதே என்று அவர்கள் அதைப் பார்க்கவில்லை.

“அங்கேயே இருங்க, வரேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மேனேஜரிடம் போய் அரை நாள் லீவு என்றேன். மனைவி போன பிறகு நான் லீவு கேட்டது குறைவு என்பதால் அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. எதிர் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கிளாஸை எடுத்தார். நான் கை காட்டிவிட்டு ரோட்டைக் கடந்தேன். அவர் கிளாஸைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வாசனை அப்படியே இருந்தது. பினாயில், மருந்து, ஈரத் துணி. நான் யாரையும் பார்க்காமல் படியேறினேன்.

ஸ்கேன் வராந்தாவில் அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண், நாற்பதுக்குள் இருக்கும். பக்கத்தில் மெலிந்த ஒரு ஆள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. அந்தப் பெண் எழுந்து நின்றாள். நான் கூடையைப் பார்த்தேன்.

“அண்ணனா?” என்றார் அந்த ஆள். “உக்காருங்கண்ணே. போன்ல பெரிய ஆளு மாதிரி இருந்தீங்க.”

“நீ சும்மா இரு” என்றாள் அவள்.

“நான் என்ன சொல்லிட்டேன். அஞ்சு இட்லி துன்னதுக்கு பன்னெண்டு நாள் தண்டனையாண்ணே? வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். இவதான் ரயில்ல ஊட்டாத குறையா.”

“தெம்பு வேணாமா? ஊசி போடுவாங்க, ரத்தம் எடுப்பாங்கன்னு நெனச்சேன்.” அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். “என் கையால கெடுத்துட்டேண்ணா.”

“நீங்க இல்லம்மா” என்றேன்.

என் மனைவிக்கு ஒரு தடவை இப்படித் தேதி தள்ளிப்போயிருந்தது. அன்றைக்கு ஒருவர் வராததால் மதியம் அந்த இடத்தில் அவளை எடுத்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும். அன்று கேட்டதும் அவள்தான். நான் பின்னால் பைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நான்தான் போகவேண்டும்.

கவுண்டரில் இருந்தது ஒரு பெண். முன்னால் நான்கு பேர். என் முறை வந்ததும் கன்னடத்தில் ஆரம்பித்தேன். கன்னடம் எனக்குத் தமிழ் மாதிரிதான், பிறந்த ஊர். ஆனால் வாய் உலர்ந்துவிட்டது. இவர்கள் தப்பு இல்லை, சாப்பிடக்கூடாது என்பதை நான்தான் தப்பான இடத்தில் எழுதிவிட்டேன், அதைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

“எங்கே எழுதினீர்கள்? சுவரிலா?”

“போனில்.”

“நீங்கள் யார்?”

“நோயாளி வீட்டுக்காரன்” என்றேன். “முன்னால் வந்துகொண்டிருந்தேன்.”

அவள் லிஸ்ட்டைப் பார்த்தாள். பதினொன்றரைக்கு முன்னால் முடியவே முடியாது, அதற்குப் பிறகும் எல்லா இடமும் நிறைந்திருக்கிறது, யாராவது வரவில்லை என்றால் கூப்பிடுகிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன், இனி ஒரு வாய் கூடச் சாப்பிடக்கூடாது என்றாள். “நோடோணா, கூத்கொளி.” பார்ப்போம், உட்காருங்கள்.

உட்கார்ந்தோம்.

பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. பெயர் கூப்பிடும்போதெல்லாம் வாணியம்பாடிப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். கூப்பிட்டவர் எழுந்து வந்துவிடுவார். எல்லாரும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவராவது வராமல் இருக்கவேண்டும் என்று மூன்று பேர் உட்கார்ந்து காத்திருப்பது நல்ல விஷயமில்லை. அதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் மேனேஜருக்குப் போன் செய்து முழு நாள் லீவு என்றேன்.

ஒரு மணிக்கு அவள், “அந்தப் பக்கத்தைக் காட்டுங்கண்ணா” என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். செக்கிங்கில். விரலால் ஒவ்வொரு தலைப்பாகத் தொட்டுத் திறந்தாள், மூடினாள்.

“எங்க லைன்ல ஷூவுக்கு உள்ளயும் சைஸ் ஒட்டுவோம், டப்பா மேலயும் ஒட்டுவோம். ஒண்ணுல விட்டுப்போனாலும் திரும்பி வந்துடும்” என்றாள். “நீங்க சாப்பாடுன்னு போட்டா, எங்க கிடைக்கும்னுதாண்ணா தோணும். எங்களை மாதிரி கட்டிக்கிட்டு வர்றவங்க யாரும் தொட மாட்டாங்க.”

“ஆமாம்மா.”

“ஜெராக்ஸ் மூணுன்னு வெளியவே போட்டுடலாமே. அந்த ஒரு நம்பருக்கு எதுக்கு ஒரு கதவு?”

“ஆமாம்.”

“மருந்துக் கடை மூடியே இருக்கட்டும். கேட்டுத் தெரிஞ்சிக்கலாம்.”

எனக்கு ஸ்டோருக்கு வரும் பிளம்பர் ஞாபகம் வந்தார். அவர் கேட்கிற பெயர் ஒன்றாக இருக்கும், நான் டப்பாவில் எழுதியது வேறாக இருக்கும். பதினாறு வருஷமாக, ‘அதோ அந்த டப்பா’ என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிற வரைக்கும் பெயர் தப்பு என்று தெரிவதில்லை.

அவள் சொல்லச் சொல்ல நான் அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். ‘ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது, வீட்டுச் சாப்பாடும் கூடாது, தண்ணீர் மட்டும்’ என்று பக்கத்தின் முதல் வரியாகப் போட்டேன். வீட்டுச் சாப்பாடும் கூடாது என்பது அவள் சொன்னது.

கடைசித் தலைப்புக்கு வந்தோம். “எங்கள் கதை. இது என்னண்ணா? நான் பார்க்கலையே.”

“அது ஒண்ணுமில்லம்மா.”

“நான் பார்த்தேன்” என்றார் அவள் புருஷன். அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். “எல்லாப் பதிவுலயும் அதை மட்டும்தான் திறந்தேன். இவ மத்ததைப் பார்த்தா. மாடி நம்பரை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்.”

நான் போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“முதல்ல எல்லாம் ரெண்டு டீ வாங்குவீங்க” என்றார். “அப்புறம் ஒரு இடத்துல இருந்து ஒரு டீதான் வாங்கறீங்க.”

அவர் மனைவி அவரைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் தலையை ஆட்டினேன்.

“எவ்ளோ நாளாச்சுண்ணே?”

“ரெண்டு வருஷம்.”

யாரையோ தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். காலை உள்ளே இழுத்துக்கொண்டோம்.

“நான் ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன்” என்றார். “அந்த மெஷினுக்குள்ள விட்டா எப்படி இருக்குமாம்? அவங்க ஏதாவது சொல்லியிருப்பாங்கன்னு தேடினேன். ஒரு இடத்துல, மெஷின்ல இருந்து வந்து அவங்க சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஏன் சிரிச்சாங்கன்னு எழுதல. நான் வேன் ஓட்றவன்ணே. கண்ணாடியை ஏத்திட்டா எனக்கு மூச்சு முட்டும்.”

இந்தக் கேள்வியை அவர் தன் மனைவியிடம் கேட்டிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

நான் யோசித்தேன். என் மனைவி அன்று சொன்னது மனசில் அப்படியே இருந்தது. எங்கும் போய்விடவில்லை. “லேடீஸ் சீட்டுக்குக் கீழ படுத்துக்கிட்டு பஸ்ல போற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா” என்றேன். “உள்ள போறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கணுமாம். உள்ள போயிட்டுத் திறக்கக்கூடாது. திறக்காம இருந்தா அது எவ்வளவு கிட்ட இருக்குன்னு தெரியாது. முதல் தடவை திறந்து பார்த்துட்டா. ரெண்டாவது தடவை திறக்கல. அந்த ஊர்ல இருந்து இந்த ஊர் வரைக்கும் டிக்கெட் இல்லாம வந்துட்டேன்னு சொல்லிச் சிரிச்சா.”

“உள்ள போறதுக்கு முன்னாடியே மூடிக்கணும்” என்று திரும்பச் சொன்னார். “சரிண்ணே.”

இரண்டு மணிக்கு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். பசி. உதட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவளும் சாப்பிடவில்லை. ஒயர் கூடையில் மிச்ச இட்லி இருந்தது. நானும் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன், மூன்று பேருமே ஸ்கேனுக்குத் தயாராகத்தான் இருந்தோம். அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

மூன்றே கால் மணிக்கு ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை. கவுண்டர் பெண் எட்டிப் பார்த்து, எங்கள் பக்கம் கையைக் காட்டினாள். வாணியம்பாடிப் பெண் எழுந்த வேகத்தில் கூடை கவிழ்ந்தது. அவர் ஸ்வெட்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவின் பக்கத்தில் போகும்போதே கண்ணை மூடிக் காட்டினார். நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வராத அந்த ஆள் யார், ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர் உள்ளே இருந்தபோது அவள் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். லேசாகப் புளித்திருந்தது. மிளகாய்ப் பொடி எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். நான் சுவரில் இருந்த போர்டைப் படித்தேன். அதில் நோயாளிகள் வெறும் வயிற்றுடன் வரவேண்டும் என்று கன்னடத்தில் இருந்தது.

சாயந்திர ரயிலுக்கு அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடைக்காரர் கேட்காமலேயே ஒரு டீ கொடுத்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் பக்கத்தைத் திறந்து, ‘எங்கள் கதை’ என்ற தலைப்பின் முன்னும் பின்னும் இருந்த குறிகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். எல்லாப் பதிவிலும் அழித்து முடிக்க அந்த வாரம் பூராவும் ஆனது. மதிய இடைவேளைதான், அதே கட்டைவிரல்தான். அந்த ஸ்கேன் பதிவில், அவள் சிரித்தாள் என்பதற்குப் பக்கத்தில், ஏன் சிரித்தாள் என்பதைச் சேர்த்தேன். கடைசிப் பதிவில், அவள் இப்போது இல்லை என்று ஒரு வரி எழுதினேன். எழுதிய பிறகு அதற்கு ஒரு தனித் தலைப்பு வேண்டுமா என்று பார்த்தேன். வேண்டியிருக்கவில்லை. டீக்குப் பக்கத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை ஆபரேஷன் ஆகிவிட்டது என்று வாணியம்பாடியிலிருந்து ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம்தான்.

இப்போது பக்கம் மறுபடி நீளமாகிவிட்டது. பஸ்ஸும் மருந்துக் கடையும் மெஸ்ஸும் மட்டும் மூடியிருக்கின்றன. போன வாரம் யாரோ ஒருவர் கூப்பிட்டு, கீழே போய்க்கொண்டே இருக்கிறது, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்.

“ஆமாங்க, நீளம்தான்” என்றேன். “உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

அவர் சொன்னார். நான் ஸ்டோரின் ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் அந்த இடத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன்.